மாத்திரை கடந்து வந்த கைகள்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியத் தீவில் கோடையின் தொடக்கத்தில் வயல்கள் வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும். அந்தச் செடி நமக்குப் புதிதல்ல. குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசா அதன் விதைதான். போதை விதையில் இல்லை. பச்சைக் காயின் தோலைக் கீறினால் கசிகிற பாலில் இருக்கிறது. பால் உறைந்தால் அபின். டாஸ்மேனியாவில் யாரும் காயைக் கீறிக்கொண்டிருப்பதில்லை. முற்றிக் காய்ந்ததும் இயந்திரத்தால் அறுத்து ஆலைக்கு அனுப்பி, சாரத்தை வேதிமுறையில் பிரித்தெடுக்கிறார்கள். உலகில் சட்டப்படி மருந்துக்குப் போகும் இந்தச் சரக்கில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்னத் தீவிலிருந்து வந்திருக்கிறது. கங்காருவின் குட்டி உறவான வாலபி வயலுக்குள் புகுந்து மேய்ந்துவிட்டு, கிறுகிறுத்துப் போய் வட்டமடித்துப் பயிரை மிதிக்கிறது என்று அம்மாநிலத்தின் சட்ட அமைச்சர் லாரா கிடிங்ஸ் 2009இல் அவைக்குழு ஒன்றில் சொன்னபோது உலகமே சிரித்தது.

சிரிக்க முடியாத செய்தி அதற்கு முன்பே அந்த வயல்களில் முளைத்திருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சனுக்குச் சொந்தமாயிருந்த டாஸ்மேனியன் ஆல்கலாய்ட்ஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், 1990களில் ஒரு புதிய ரகத்தை உருவாக்கினார்கள். அதற்கு ‘நார்மன்’ என்று பெயர். அபினில் வலியைப் போக்கும் மார்ஃபின் அதில் சேருவதில்லை. பதிலாகத் தீபெய்ன் என்ற பொருள் நிறைந்திருந்தது. தீபெய்ன் வலியைப் போக்காது, அளவு மிஞ்சினால் வலிப்பைத்தான் கொண்டுவரும். ஆனால் அதிலிருந்து சில படிகளில் ஆக்ஸிகோடோன் செய்துவிடலாம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1916இலேயே உண்டாக்கப்பட்ட வலிநிவாரணி அது. வாய்வழி எடுத்தால் மார்ஃபினைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வீரியம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மிகை அளவால் மூச்சடங்கிக் கிடப்பவரை எழுப்பும் நாலக்சோன், அடிமைப்பட்டவரை மீட்கக் கொடுக்கும் புப்ரினார்ஃபின் இரண்டுக்கும்கூட மூலப்பொருள் தீபெய்ன்தான்.

இந்த ஆக்ஸிகோடோன்தான் அமெரிக்காவில் ‘ஆக்ஸிகான்டின்’ என்ற மாத்திரையானது. 1999இலிருந்து 2023வரை அங்கே ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்துகளின் மிகை அளவால் இறந்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். முதலில் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, பிறகு ஹெராயின், பிறகு செயற்கை ஓபியாய்டான ஃபென்டனில் என்று அலையலையாக அடித்தது. யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே கால் நூற்றாண்டாக நீதிமன்றங்களிலும் சாப்பாட்டு மேசைகளிலும் சண்டை நடக்கிறது. தின்றவன்தானே பொறுப்பு என்பது ஒரு கட்சி. இந்தக் கட்சிக்குப் பதில் சொல்ல மூளைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

ஒரு செடியின் பாலுக்கும் மனித மூளைக்கும் என்ன உறவு? 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளைத் திசுவில் அபின் பொருள்கள் போய் ஒட்டும் இடத்தைக் காட்டினார்கள். அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி இருக்கிறதென்றால் அதற்கென்று உடம்பே சுரக்கும் ஏதோ ஒன்றும் இருந்தாக வேண்டும். என்றோ ஒருநாள் கசகசாச் செடியைச் சந்திப்போம் என்றா நம் தலைக்குள் இடம் போட்டுவைத்திருக்கிறது? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளைகளிலிருந்து அந்தச் சுரப்பைப் பிரித்தெடுத்தார்கள். என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள். அடிபட்டபோதும் வலியை மறந்து ஓடவைக்கும் ஏற்பாட்டில் இத்தகைய சுரப்புகளுக்குப் பங்குண்டு. செடியின் பொருள் அந்தப் பூட்டுக்குத் தற்செயலாகப் பொருந்திவிட்ட கள்ளச்சாவி.

பூட்டு ஓரிடத்தில் மட்டும் இருந்திருந்தால் தொல்லை இல்லை. தண்டுவடத்தில் அது வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது. குடலில் அசைவை நிறுத்தி மலச்சிக்கல் தருகிறது. மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தைக் குறைக்கிறது. மிகை அளவில் சாகிறவர் சாவது இங்கேதான், மூச்சு விட மறந்து. நடுமூளையில் டோபமின் சுரப்புக்குப் போட்ட கடிவாளத்தைத் தளர்த்தி, இது முக்கியம், திரும்பச் செய் என்று பதியவைக்கிறது. வலியை மட்டும் போக்கி மற்ற மூன்றையும் தொடாத ஓபியாய்டை நூறாண்டாகத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

மருந்து தினமும் வந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. விழிப்பையும் படபடப்பையும் கிளப்பும் நரம்பணுக் கூட்டம் ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது. லோகஸ் செருலியஸ் என்பார்கள். ஓபியாய்டு அதை அமுக்குகிறது. அமுக்க அமுக்க, ஈடுகட்டுவதற்காக அது உள்ளுக்குள் முறுக்கேறுகிறது. திடீரென்று மருந்து நின்றால் அந்த முறுக்கு அவிழ்ந்து கொட்டும்: உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், ஓயாத கொட்டாவி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, தானாக உதறும் கால்கள், காரணமில்லாத பயம். ஒரு மாத்திரை போட்டால் அரைமணியில் எல்லாம் அடங்கிவிடும். பலர் இரண்டாம் ஆண்டில் இன்பத்துக்காகப் போடுவதில்லை, இந்த நரகம் வராமலிருக்கப் போடுகிறார்கள். இது சாமியாருக்கும் நடக்கும், சோதனைக்கூட எலிக்கும் நடக்கும். ஒழுக்கத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு, நாசமாகிறோம் என்று தெரிந்தும் தேடி ஓடும் அடிமைத்தனம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து எடுக்கும் எவருக்கும் முதலாவது வரலாம். இரண்டாவது சிலருக்கே வரும்.

ஹெராயின் எங்கே வருகிறது? மார்ஃபின் மூலக்கூறில் இரண்டு அசிட்டைல் குழுக்களை ஒட்டினால் ஹெராயின். லண்டனில் ஆல்டர் ரைட் 1874இல் செய்துபார்த்தார். பேயர் நிறுவனம் 1898இல் இருமல் மருந்தாகக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த ஒட்டுகளின் உதவியால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் சட்டென்று நுழைகிறது. உள்ளே போனதும் ஒட்டுகள் கழன்று மார்ஃபினாகிறது. ஆக்ஸிகோடோன் போய் உட்காருவதும் அதே ஏற்பியில்தான். ஏற்பிக்கு மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாது.

இனி மாத்திரையைக் கையில் எடுத்தவர்களைப் பார்க்கலாம். பொறுப்பை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்று கேட்பது.

கனெக்டிகட் மாநிலத்தின் பர்டியூ ஃபார்மா, சாக்லர் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தது. அதன் ஆக்ஸிகான்டினுக்கு 1995 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. புதுமை மருந்தில் இல்லை, பூச்சில் இருந்தது. 12 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும் பூச்சு. மெதுவாகச் சேருவதால் தவறான பயன்பாட்டுக்கு இடம் குறையும் என்று நம்பப்படுவதாக மருந்தின் உறையிலேயே ஒரு வாக்கியம் இருக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதைக் காட்டும் ஆய்வு ஏதும் இல்லை. நொறுக்கினால் மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கும் என்ற எச்சரிக்கையும் அதே உறையில் இருந்தது. படிக்கத் தெரிந்தவனுக்கு அது செய்முறைக் குறிப்பு. விண்ணப்பத்தைப் பரிசீலித்த அதிகாரி கர்டிஸ் ரைட், அரசு வேலையை விட்டபின் சில ஆண்டுகளில் பர்டியூவில் சேர்ந்தார்.

12 மணி நேரம் என்பதும் பலருக்கு உண்மையில்லை. பலருக்கு எட்டு, பத்து மணி நேரத்தில் தீர்ந்துபோனது. வலியோடு மேலே சொன்ன உதறலும் சேர்ந்து வந்தது. இது நிறுவனத்துக்குத் தெரிந்தே இருந்ததை ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ 2016இல் ஆவணங்களோடு வெளியிட்டது. இடைவெளியைக் குறைக்காதீர்கள், அளவைக் கூட்டுங்கள் என்று மருத்துவர்களிடம் சொல்ல விற்பனையாளர்கள் அனுப்பப்பட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்பதுதான் விளம்பரத்தின் உயிர். மூன்று என்றால் மலிவான பழைய மருந்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அளவு கூடினால் விலையும் கூடும். 1996இல் சுமார் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000இல் 110 கோடி டாலரை நெருங்கியது.

மருத்துவர்கள் இதை எப்படி நம்பினார்கள்? முதுகுவலிக்கெல்லாம் ஓபியாய்டு எழுதப் பயப்படும் தலைமுறையாகத்தான் அவர்கள் வளர்ந்திருந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க ஒரு கடிதம் உதவியது. பாஸ்டனைச் சேர்ந்த ஹெர்ஷல் ஜிக்கும் ஜேன் போர்ட்டரும் 1980இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழுக்கு எழுதியது. மொத்தம் ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் படுத்திருந்தபோது ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமையாக இராதவர்களில் பதிவான அடிமைத்தனம் 4 பேருக்குத்தான் என்றது. செவிலியர் கையால் மருந்து வாங்கிய உள்நோயாளிகளைப் பற்றிய செய்தி அது. வீட்டுக்குப் புட்டியை எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தக் கடிதத்தின் தலையெழுத்தை 2017இல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு அலசியது. 608 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. 72 விழுக்காடு, அடிமைத்தனம் அரிது என்பதற்கு ஆதாரமாக. உள்நோயாளிகள் என்பதைச் சொல்லாமல் விட்டவை 80 விழுக்காட்டுக்கு மேல். பத்து நொடியில் படித்துவிடக்கூடிய கடிதத்தை எத்தனை பேர் படிக்காமலே காட்டியிருக்கிறார்கள்! ஆபத்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று பர்டியூவின் விற்பனையாளர்கள் ஒப்பித்தார்கள். நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர்களில் சராசரியாக 8 முதல் 12 விழுக்காட்டினர் அடிமையாகிறார்கள் என்று 2015இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது.

வர்ஜீனியாவின் நிலக்கரி ஊரொன்றில் சிகிச்சை பார்த்துவந்த ஆர்ட் வான் ஸீ என்ற மருத்துவர் 2000 வாக்கிலேயே நிறுவனத்துக்கு எழுதி எச்சரித்தார். நிறுவனத்தின் பதில் மருத்துவருக்குப் போனதைவிடத் தங்களுக்குள் எழுதிக்கொண்டதில் தெளிவாகத் தெரிகிறது. குற்றவாளிகள் மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள்தான், அவர்களைப் போட்டு அடிக்க வேண்டும் என்று ரிச்சர்ட் சாக்லர் 2001இல் மின்னஞ்சல் எழுதினார். மாசசூசெட்ஸ் மாநில வழக்கில் அது வெளிவந்தது. தின்றவனே பொறுப்பு என்ற கட்சிக்குக் காசு போட்டு வளர்த்தவர்கள் யார் என்று இதில் புரியும்.

அந்தக் கட்சியின் வாதத்தை என்னைப் பொறுத்தவரை முறித்துப்போட்டது மூளை ஆய்வுகூட அல்ல, ஒரு காகிதம். ஆக்ஸிகான்டின் வந்தபோது கலிஃபோர்னியா, ஐடஹோ, இல்லினாய், நியூயார்க், டெக்சாஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் வீரியமான போதை மருந்து எழுதுவதற்குத் தனிச் சீட்டு இருந்தது. மூன்று பிரதி. ஒன்று மருத்துவரிடம், ஒன்று மருந்துக் கடையில், ஒன்று அரசு அலுவலகத்தில். அரசு இந்தப் பிரதிகளை உட்கார்ந்து படித்ததா என்பதல்ல விஷயம். யாரோ பார்ப்பார்கள் என்ற நினைப்பே மருத்துவரின் பேனாவைத் தயங்கவைத்தது. இந்த மாநில மருத்துவர்கள் எளிதில் எழுதமாட்டார்கள் என்று சந்தை ஆய்வில் தெரிந்துகொண்ட பர்டியூ அங்கே கவனத்தைக் குறைத்துக்கொண்டது.

அபி ஆல்பர்ட், வில்லியம் எவன்ஸ், ஈத்தன் லீபர், டேவிட் பவல் ஆகிய பொருளியலாளர்கள் இந்த ஐந்தையும் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு 2022இல் எழுதினார்கள். தொடக்க ஆண்டுகளில் ஆக்ஸிகான்டின் அந்த ஐந்திலும் ஏறக்குறைய பாதியளவே போயிருந்தது. மிகை அளவுச் சாவுகள் 1996க்கு முன் அங்கே குறைவாக இருந்ததில்லை. பின்னர்தான் பாதை பிரிந்தது. மற்ற மாநிலங்களில் மளமளவென்று ஏறிய சாவு, இங்கே மெல்ல ஏறியது. மூன்று பிரதி முறை 2004 வாக்கில் எடுக்கப்பட்ட பிறகும் அந்த இடைவெளி நீடித்தது. டெக்சாஸ்காரர்களுக்கு வலி குறைவா? ஐடஹோவில் மனஉறுதி அதிகமா? சுரங்கமும் ஆலையும் மூடிப்போன ஊர்களின் விரக்திதான் காரணம் என்போரின் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் மூடிய ஆலைகள் இல்லினாயிலும் இருந்தன. நடுவில் இருந்தது ஒரு காகிதம் மட்டுமே.

மாத்திரையை ஏற்றி இறக்கிய மொத்த வியாபாரிகளுக்குத் தெரியாது என்ற சாக்கும் கிடையாது. சந்தேகப்படும்படியான ஆர்டர்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர்களுடைய சட்டக் கடமை. மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்றோர் ஊர். அப்போது சுமார் 400 பேர் வசித்தார்கள். அங்கிருந்த ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டில் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரைகள் ஏறக்குறைய 90 லட்சம் போயின. எரிக் ஐயர் என்ற செய்தியாளர் இதைத் தோண்டி எடுத்து 2017இல் புலிட்சர் பரிசு பெற்றார். சின்னஞ்சிறு ‘சார்ல்ஸ்டன் கெஜட்-மெயில்’ நாளிதழின் ஒற்றை நிருபருக்குத் தெரிந்த கணக்கு, கோடிக்கணக்கில் பில் போட்டவர்களுக்குத் தெரியாமல் போயிருக்குமா?

2010 ஆகஸ்டில் பர்டியூ மாத்திரையை மாற்றியது. இடித்தால் பொடியாகாது, தண்ணீர் பட்டால் பசையாகும். நல்ல செய்தி போலத்தான் தெரிந்தது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான மூளைகள் முறுக்கேறியிருந்தன. தெருவில் மாத்திரை மில்லிகிராமுக்கு ஒரு டாலர் விலைபோனது. 80 மில்லிகிராம் மாத்திரைக்கு 80 டாலர். ஒரு சிறு பொட்டலம் ஹெராயின் 10 டாலருக்கே கிடைத்தது. மெக்சிகோவின் நயாரித் மாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள் தொலைபேசியில் சொன்னால் காரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹெராயினால் இறந்தவர்கள் 2010இல் சுமார் 3,000 பேர். 2014இல் 10,500க்கு மேல். ஆக்ஸிகான்டினைத் தவறாகப் பயன்படுத்தியது எங்கே அதிகமோ அந்த மாநிலங்களில்தான் ஹெராயின் சாவும் அதிகம் ஏறியது. குழாயை மூடினார்கள், தாகத்துக்கு வழி செய்யவில்லை. 2013க்குப் பின் ஹெராயினில் ஃபென்டனில் கலந்தது. அது வேறு கதை, இன்னும் கொடியது.

இங்கே ஒரு கணக்கை நேராக்க வேண்டும். புதிதாக ஹெராயின் தொட்டவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அதற்கு முன் வலிமாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் என்று அமெரிக்க அரசின் 2013 ஆய்வு சொன்னது. அதே ஆய்வில், மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தத் தொடங்கியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் ஹெராயினுக்குப் போனவர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டும் உண்மை. பெரும்பாலோர் முதலில் விழுங்கியது தங்கள் பெயரில் எழுதிய மாத்திரையும் அல்ல. நண்பரோ உறவினரோ கொடுத்தது, அல்லது வீட்டு அலமாரியில் மிஞ்சிக் கிடந்தது. மருத்துவரையும் நிறுவனத்தையும் விடுவிக்க இதைச் சிலர் காட்டுகிறார்கள். அலமாரிக்கு அது எப்படி வந்தது? பல் பிடுங்கியதற்கு மூன்று நாள் போதுமென்றபோது முப்பது மாத்திரை எழுதிய சீட்டில் வந்தது. 2012இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஓபியாய்டு சீட்டுகள் சுமார் 25.5 கோடி. நூறு பேருக்கு 81.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1970களில் நியூயார்க்கின் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்கோ குடியிருப்புகளில் ஹெராயின் பரவியபோது யாரும் ஏற்பிகளைப் பற்றிப் பேசவில்லை. 1973இல் சட்டம் போட்டு ஆயுள்வரை சிறையில் தள்ளினார்கள். வெள்ளையரின் ஊர்களில் பிள்ளைகள் செத்த பிறகே இது நோய் என்று ஊர் ஒப்புக்கொண்டது. வலி என்று வந்த கறுப்பரை மருத்துவர்கள் நம்பாமல் ஓபியாய்டு எழுதத் தயங்கினார்கள். முதல் அலையில் அந்த அவநம்பிக்கையே அவர்களைக் கொஞ்சம் காத்தது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? 2007இல் பர்டியூவின் சகோதர நிறுவனம், ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 60 கோடி டாலர் கட்டியது. மூன்று உயர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 2020இல் பர்டியூ மறுபடி குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் சாக்லர் குடும்பம் நிறுவனத்திலிருந்து எடுத்துக்கொண்டது சுமார் 1,100 கோடி டாலர். நிறுவனம் திவாலாகும்போது குடும்பத்தையும் வழக்குகளிலிருந்து விடுவிக்கும் ஏற்பாட்டை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தள்ளுபடி செய்தது. 2025இல் சுமார் 740 கோடி டாலருக்குப் புதிய உடன்பாடு வந்தது. இந்த விவகாரத்தில் சிறைக்குப் போன பெருமுதலாளி இன்சிஸ் என்ற சிறிய நிறுவனத்தின் ஜான் கபூர். ஃபென்டனில் தெளிப்பானை எழுத மருத்துவர்களுக்கு லஞ்சம் கொடுத்ததற்காக ஐந்தரை ஆண்டு தண்டனை. பிறந்த ஊர் அமிர்தசரஸ்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஓபியாய்டையே ஒழி என்றால் அதுவும் கொடுமைதான். இந்தியா அதைச் செய்துபார்த்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, மருந்துக் கடைகள் உரிமச் சிக்கலுக்குப் பயந்து மார்ஃபினைக் கைவிட்டன. சட்டப்படி அபின் பயிரிடும் இந்த நாட்டில் நாடு முழுதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் 1997இல் 18 கிலோ அளவுக்குச் சுருங்கியது. புற்றுநோயாளிகள் கத்திக்கொண்டே செத்தார்கள். கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2014இல்தான் சட்டம் திருந்தியது. மறுபக்கம், டேபென்டடால் வலிமாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களைப் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ்களில் இப்போது அடிக்கடி செய்தி வருகிறது. வேண்டியவருக்குக் கிடைக்காததும் வேண்டாதவருக்குக் கிடைப்பதும் ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் நடக்க முடியும்.

அடிமைப்பட்டவருக்கு வழி என்ன என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மெத்தடோனும் புப்ரினார்ஃபினும் அதே ஏற்பியில் நிதானமாக உட்கார்ந்து, உதறலையும் தேடலையும் அடக்குகின்றன. எடுப்பவர்களின் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஃபிரான்ஸ் 1995இல் சாதாரண மருத்துவர்களும் புப்ரினார்ஃபின் எழுதலாம் என்றது. நான்கே ஆண்டில் மிகை அளவுச் சாவு ஐந்தில் ஒரு பங்கானது. மருந்தில்லாமல் சிறையில் மன உறுதியை வளர்க்கச் சொல்வதன் விளைவும் தெரியும். சிறையில் உடம்பு பழக்கம் விட்டுப்போகிறது, வெளியே வந்து பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் மிகை அளவால் சாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 129 மடங்கு என்று 2007இல் கணக்கிட்டார்கள்.

அமெரிக்காவிலோ, ஆக்ஸிகான்டின் எழுத மருத்துவருக்கு வழக்கமான பதிவே போதுமாயிருந்தது. அதிலிருந்து மீட்கும் புப்ரினார்ஃபின் எழுதவேண்டுமானால் எட்டு மணி நேரத் தனிப் பயிற்சி, தனி அனுமதி எண், முதல் ஆண்டில் 30 நோயாளிக்கு மேல் கூடாது என்ற வரம்பு எல்லாம் இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விதி நின்றது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை எடுத்தது. அந்த ஆண்டில் சிகிச்சை தேவைப்பட்ட பெரியவர்களில் இந்த மருந்துகள் கிடைத்தது நான்கில் ஒருவருக்கு.